சட்டை போட்ட வாதா மரம்

இரண்டு பால்வாடிகளை ஒப்பிட வேண்டுமானால் முதலில் அவை இரண்டும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று சுந்தரராமன் சார் சொன்னபோது, எனக்கு அது சரியென்றுதான் பட்டது.

நான் தாம்பரம் மார்க்கெட்டில் அத்தாவுல்லா பாயின் மளிகைக் கடையில் பில் போடுகிறவள். அங்கே பருப்பை நிறுப்பதற்கு முன்னால் மெஷினில் பூஜ்ஜியம் வந்திருக்கிறதா என்று பார்ப்போம். அதனால் கூட்டத்தில் மற்ற அம்மாக்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டபோது நான் மட்டும் தலையாட்டினேன். சாரும் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். பெரிய இடத்துப் பேச்சு எனக்கு உடனே புரிந்துவிட்டதில் உள்ளுக்குள் ஒரு சின்னப் பெருமை. இன்றைக்கு அந்தப் பெருமையை நினைத்தால் நாக்கு கசக்கிறது.

கூட்டம் எங்கள் ஏரிக்கரைத் தெரு பால்வாடியில் நடந்தது. பெருங்களத்தூரில் தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் எங்கள் பால்வாடி. அந்தப் பக்கம், தண்ணீர்த் தொட்டிக்கு அடியில், டேங்க் பால்வாடி. சுந்தரராமன் சார் மழலையர் மைய ஒப்பீட்டுப் பிரிவின் அலுவலர். அப்படி ஒரு பிரிவு இருப்பதே எங்களுக்கு அன்றுதான் தெரியும். குழந்தைகளின் சிவப்பு நாற்காலி ஒன்றில் முழங்கால்கள் மார்புக்கு வர உட்கார்ந்துகொண்டு அவர் பேசினார். பக்கத்தில் அவருடைய உதவியாளர் எப்சி மேடம் கையில் டேப்லெட்டோடு நின்றார்.

“ஒரே ஊர்ல ரெண்டு மையம் இருக்கு. இதுல எது நல்ல மையம்? யாருக்காவது தெரியுமா? தெரியாது. தெரியாமலே இத்தனை வருஷமா பிள்ளைங்களை அனுப்பியிருக்கீங்க. உங்க தைரியத்தை நான் பாராட்டறேன்” என்றார்.

ஒப்பீட்டில் முந்தி வரும் மையம் முன்மாதிரி மையமாகும். மற்றது அதோடு ஒருங்கிணைக்கப்படும். பின்னால் நின்ற ஒரு அம்மா, அப்படியென்றால் மூடிவிடுவீர்களா என்று கேட்டுவிட்டாள். சாருக்கு முகம் வாடிவிட்டது.

“மூடறதுங்கற வார்த்தையே எங்க பிரிவுல கிடையாதும்மா. இதுவரைக்கும் ஒரு மையத்தைக்கூட நாங்க மூடினதில்லை. ஒருங்கிணைச்சிருக்கோம். ஒருங்கிணைச்ச பிறகு அந்தக் கட்டடத்துல மையம் இருக்காது. அவ்வளவுதான்.”

அப்போது எங்கள் டீச்சர் ஜெயக்கொடி அக்கா எழுந்தார். “ரெண்டும் சமமா வந்துட்டா இன்னா சார் பண்ணுவீங்க?”

“சமமா வந்தா ஒப்பிட என்ன இருக்கு? ரெண்டும் அது அது இடத்துல இருக்கும்.”

ஜெயக்கொடி அக்கா எங்கள் பக்கம் திரும்பி ஒரு சிரிப்புச் சிரித்தார். எல்லாருக்கும் மூச்சு வந்தது. சமமாக வந்தால் போதும். ஜெயிக்க வேண்டியதுகூட இல்லை.

எனக்கு அந்த மூச்சு கொஞ்சம் கூடுதலாகவே வந்தது. என் வீட்டிலிருந்து ஏரிக்கரை பால்வாடிக்குப் போக செருப்புக்கூட வேண்டாம். என் மகள் ஓவியாவை விட்டுவிட்டு ஓடிப்போய் ரயிலைப் பிடித்தால் ஒன்பது மணிக்குக் கடையில் இருப்பேன். பாய் நல்லவர்தான், ஆனால் ஒன்பது என்றால் ஒன்பது. சாயங்காலம் பால்வாடி விட்ட பிறகும் நான் திரும்பி வரும்வரை ஓவியாவைத் தன் வீட்டில் வைத்திருந்தது அடுத்த சந்தில் குடியிருந்த ஜெயக்கொடி அக்காதான். என் கணவர் சிவகுமார் கால் டாக்ஸி ஓட்டுகிறார். எப்போது வருவார் என்று அவருக்கே தெரியாது. ஆக, என் சம்பளம், என் மகள், என் நாள் எல்லாம் அந்த ஒற்றை அறைக் கட்டடத்தின் மேல்தான் நின்றன. டேங்க் பால்வாடிக்கு ஓவியாவைக் கொண்டுபோய் விட வேண்டுமென்றால் ஜி.எஸ்.டி. ரோட்டைத் தாண்டி, பாலம் சுற்றி, போய்த் திரும்புவதற்குள் பாய் வேறு ஆள் பார்த்திருப்பார்.

இன்னொன்றும் இருந்தது. ஓவியா வெளியாட்களிடம் பேசமாட்டாள். வீட்டில் வாய் மூடாதவள், வாசலைத் தாண்டினால் உதட்டை உள்ளே மடித்துக்கொள்வாள். மூன்றரை வயதாகிறது. மாமியார் வீட்டில் என் ஓரகத்தியின் பையனை எதிரே நிறுத்தி, அவன் ரைம்ஸ் சொல்கிறான், இவள் ஏன் இப்படி என்று கேட்பார்கள். நானும் அப்படித்தான் வளர்ந்தேன், யாராவது ஒருத்தரின் பக்கத்தில் நிறுத்தப்பட்டு. அதனால் எனக்குள் ஒரு பயம் எப்போதும் சுருண்டு படுத்திருந்தது. ஆனால் ஏரிக்கரை பால்வாடி முற்றத்தில் ஒரு வாதா மரம் உண்டு. பழுத்துச் சிவந்து விழும் இலைகளைத் தட்டுகளாக வைத்து, ஓவியா அதற்குச் சோறு போட்டுக்கொண்டே ரகசியமாக ஏதோ பேசுகிறாள் என்று ஆயா சொல்லியிருந்தாள். மரத்தோடு ஆரம்பித்திருக்கிறாள், மனுஷர்களுக்கும் ஒரு நாள் வருவாள் என்று நான் காத்துக்கொண்டிருந்தேன்.

கூட்டம் முடிந்த மறுநாளே சமநிலைப்படுத்தும் வாரம் தொடங்கியது.

முதல் சிக்கல் வாதா மரம். டேங்க் பால்வாடியில் மரம் இல்லை. வெட்டிவிடலாமா என்று யாரோ கேட்டபோது சார் காதைப் பொத்திக்கொண்டார். நாங்கள் மரத்துக்கு எதிரிகள் இல்லை என்றார். “ஆனா மரம் இந்த மையத்தோட சாதனை இல்லியே? இயற்கையோட சாதனை. இயற்கைக்கு நாங்க மார்க் போடறதில்லை.” அதனால் நீலத் தார்ப்பாய் இரண்டு கொண்டுவந்து மரத்தை அடியிலிருந்து கிளை பிரியும் இடம் வரைக்கும் சுற்றிக் கயிறு போட்டுக் கட்டினார்கள். குழந்தைகள் அதன் நிழலில் உட்காரக் கூடாது. நிழல் நகர நகர ஆயா குழந்தைகளை வெயிலுக்கு நகர்த்திக்கொண்டே இருந்தாள்.

அந்தப் பக்கம் டேங்க் பால்வாடியில் குழந்தைகள் உயரத்துக்கு நீல டைல்ஸ் போட்ட நல்ல கழிவறை ஒன்று இருந்தது. எங்களிடம் இருந்ததில் தண்ணீர் வராது. எங்களுக்குத் தண்ணீர் கொண்டுவர வேறு துறையைக் கேட்க வேண்டும், அது ஒரு வாரத்தில் ஆகிற காரியமில்லை. பூட்டு போடுவதற்கு யாரையும் கேட்க வேண்டாம். ஆகவே அவர்களுடைய கழிவறையைப் பூட்டினார்கள். அந்த வாரம் இரண்டு மையக் குழந்தைகளும் சுவரோரம்தான் போனார்கள். சுகாதார வசதி முழுமையாகச் சமமடைந்துவிட்டது என்று எப்சி மேடம் சாரிடம் சொன்னதை நானே கேட்டேன். அவர் குரலில் கேலி இல்லை. நான் கூர்ந்து கவனித்தேன், இல்லை.

எங்கள் ஆயா சாம்பார் சாதத்தில் கறிவேப்பிலையைத் தாளித்துக் கொட்டுவாள். நிறுத்தச் சொன்னார்கள். டேங்க் ஆயாவுக்கு உப்பு தூக்கல். குறைக்கச் சொன்னார்கள். இரண்டு ஆயாக்களும் ஒருவர் சமையலை ஒருவர் ருசி பார்த்துப் பார்த்து, கடைசியில் குழந்தைகள் இரண்டு இடத்திலும் ஒரே அளவு சாதத்தைத் தட்டில் மிச்சம் வைத்தார்கள். சாருக்கு மிகவும் திருப்தி.

பிறகு குழந்தைகளுக்கு வந்தார்கள். அழுகிற குழந்தை, துறுதுறு குழந்தை, தூங்குமூஞ்சி என்று இரண்டு பக்கமும் எண்ணிக்கை ஒன்றாக இருக்க வேண்டுமாம். எங்கள் பக்கம் அழுகிற குழந்தை இரண்டு அதிகம். அதில் ஸ்நேகாவை அங்கே அனுப்பி, நன்றாகச் சிரிக்கிற ஒரு குழந்தையை வாங்கிக்கொண்டார்கள். கடிக்கிற பையன் எங்களிடம் ஒருத்தன்தான், நிகில். டேங்க்கில் யாரும் கடிப்பதில்லை. ஒருத்தனைப் பிரிக்க முடியாது என்பதால் காலையில் இங்கே, மத்தியானத்துக்கு மேல் அங்கே என்று முடிவாகி, ஷேர் ஆட்டோ ஏற்பாடு செய்தார்கள். ஒத்திகை நாளில் நிகில் அங்கே போய் எப்சி மேடத்தைக் கடித்துவிட்டான். அது கணக்கில் சேருமா என்று நீண்ட நேரம் பேசினார்கள். அவர் மையத்தின் குழந்தை இல்லை என்பதால் சேராது என்று முடிவானது. மேடம் கையில் பேண்டேஜோடு அதையும் டேப்லெட்டில் ஏற்றினார்.

அன்று சாயங்காலம் ஓவியாவைக் கூட்டிவரப் போனபோது ஜெயக்கொடி அக்கா எனக்கு டீ போட்டுக் கொடுத்தார். வழக்கமாகக் கொடுக்கிறவர்தான். ஆனால் அன்று டம்ளரை என் கையில் வைத்த பிறகும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

“தீபா, ஒரு ஒதவி. பேசாத புள்ளைங்க நம்ம கிட்ட மூணு கீது. அங்க ஒண்ணுதான் கீதாம். நம்மள்ல ஒண்ணு அங்க போனா ரெண்டு ரெண்டு ஆயிடும். ஒரே ஒரு நாளு. நம்ம ஓவியாவ அனுப்பேன்.”

“அவளுக்கு அங்க யாரையும் தெரியாதேக்கா. பயந்துடுவா.”

“பயந்தா இன்னா பண்ணுவா? பேசமாட்டா. அதானே வேணும்?”

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். நானும் சிரித்தேன். எத்தனை சாயங்காலம் என் மகளுக்குத் தன் வீட்டில் பால் காய்ச்சிக் கொடுத்தவர். அவரிடம் முடியாது என்று சொல்கிற இடத்தில் நான் என்றைக்குமே இருந்ததில்லை. என் மகளை யாரோ கேட்பது இதுதான் முதல் முறை என்பதும் எனக்குள் ஓடியது. அவளுடைய ஊமைத்தனத்தை எல்லோரும் குறையாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். இன்றைக்கு அது ஒரு ஊரின் இரண்டு பால்வாடிகளைக் காப்பாற்றப் போகிறது. வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் எனக்கு அது ஒருவகை கௌரவமாகப் பட்டது.

ஒப்பீட்டு நாள் ஆயுத பூஜை விடுமுறைக்கு முந்தின நாளில் வந்தது. ஊருக்குப் போகிற கூட்டத்தில் பெருங்களத்தூரே நெஞ்சு அடைத்து நின்றது. பாயிடம் அரை நாள் லீவு கேட்டு, ஓவியாவை இடுப்பில் தூக்கிக்கொண்டு, நின்றுகொண்டிருந்த ஆம்னி பஸ்களுக்கு நடுவே புகுந்து அந்தப் பக்கம் போனேன். டேங்க் பால்வாடி டீச்சர் ஜஹீரா வாசலில் நின்று கூப்பிட்டாள். சின்ன வயசுப் பெண். “வாங்க செல்லம். பேசலேன்னாலும் பரவால்ல, நம்ம ரெண்டு பேரும் சும்மா உக்காந்துருக்கலாம்” என்று ஓவியாவின் கையைப் பிடித்தாள். ஓவியா உதட்டை மடித்துக்கொண்டாள். எல்லாம் திட்டப்படி.

பெற்றோர் உள்ளே வரக் கூடாது. நான் சுற்றிப் போய் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சாரும் மேடமும் ஏரிக்கரையை முடித்துக்கொண்டு, போக்குவரத்தில் சிக்கி வியர்த்து வந்து சேர்ந்தார்கள். சார் குழந்தைகளிடம் வண்ணம் கேட்டார், பழம் கேட்டார். கேட்டதற்கெல்லாம் எங்கள் பால்வாடியில் வந்த அதே எண்ணிக்கையில் பதில் வந்துகொண்டிருந்தது. அங்கேயும் இதேதான் சார் என்று மேடம் தலையை ஆட்டி ஆட்டி டேப்லெட்டில் தட்டிக்கொண்டிருந்தார். சமம், சமம் என்று எனக்குள் நான் சொல்லிக்கொண்டேன்.

கடைசியில் சார் ஓவியாவின் முன்னால் குனிந்தார். பேசாத குழந்தைகளையும் ஒரு கேள்வி கேட்க வேண்டும் என்பது விதி. பேசாமல் இருப்பதைப் பதிவு செய்வதற்காக. சுவரில் பச்சையாக ஒரு மரம் வரைந்திருந்தார்கள். அதைக் காட்டி, “பாப்பா, இது என்ன?” என்றார்.

ஓவியா சுவரைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

“இது மரம் இல்ல” என்று ஒரு குரல் கேட்டது.

யாருடைய குழந்தை என்று நான் எட்டிப் பார்த்தேன். சத்தியமாக, அடுத்த வார்த்தை வரும்வரை எனக்குத் தெரியவில்லை.

“எங்க பால்வாடிலதான் மரம் கீது. அதுக்குச் சட்ட போட்டுட்டாங்க. இது எங்க பால்வாடி இல்ல. நான் அங்க போணும்.”

வீட்டில் நாங்கள் யாரும் ‘கீது’ சொல்வதில்லை. அது ஜெயக்கொடி அக்காவின் ‘கீது’. அத்தனை நாளும் வாய் திறக்காமல் உட்கார்ந்து, அந்த முற்றத்தில் காதில் விழுந்ததையெல்லாம் என் மகள் சேர்த்து வைத்திருக்கிறாள். கண் நிறைந்து ஒன்றும் தெரியவில்லை. உள்ளே சார் நிமிர்ந்து, “எப்சி, எழுதுங்க” என்றது மட்டும் கேட்டது.

“அஞ்சு முழு வாக்கியம். ஒரு பொருள் உண்மையா படமான்னு பிரிச்சுப் பார்க்கறா. ரெண்டு இடத்தை ஒப்பிடறா. ஒப்பிடறா எப்சி, இந்த வயசுல. சட்டைன்னு உருவகம் வேற. விருப்பத்தைத் தெளிவா சொல்றா. நான் சர்வீஸ்ல இப்படி ஒரு மொழி வளர்ச்சி பார்த்ததில்ல. இந்த மையத்துக்கு முழு மார்க் போடுங்க.”

எந்த மையத்துக்கு என்பது என் மண்டையில் ஏற ஒரு நிமிஷம் ஆயிற்று. ஏறியதும் சுற்றிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். விதியை மீறி உள்ளே போனேன்.

“சார், இது என் பொண்ணு. ஏரிக்கரைப் பிள்ளை. நீங்கதான் இன்னிக்கு இங்க மாத்திவிட்டீங்க.”

“தெரியும்மா” என்றார் கனிவாக.

“இது எங்க பால்வாடி இல்லேன்னு அவளே சொல்றாளே சார்.”

“எவ்வளவு அழகா சொன்னா!” அவர் உட்காரச் சொல்லி ஒரு குட்டி நாற்காலியை என் பக்கம் தள்ளினார். “மழை எங்க பெய்யுதோ அங்கதானேம்மா அளக்கறோம். மேகம் எங்கேருந்து வந்துச்சுன்னா கேக்கறோம்? உங்க மையத்துல இந்தக் குழந்தை இத்தனை நாள்ல ஒரு வார்த்தை பேசியிருக்கா? இல்ல. இங்க வந்து ஒரு மணி நேரத்துல பேசிட்டா. நீங்க யாருக்கு நன்றி சொல்லணும்?”

நான் ஜஹீராவைப் பார்த்தேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். ஓவியா என் காலைக் கட்டிக்கொண்டு, உதட்டை மறுபடியும் உள்ளே மடித்துவிட்டாள்.

ஒரு குழந்தையின் வித்தியாசத்தில் டேங்க் பால்வாடி முன்மாதிரி மையமாயிற்று. ஏரிக்கரை ஒருங்கிணைக்கப்பட்டது. விடுமுறை முடிந்து போனபோது கதவில் பூட்டு. சில நாளில் பூட்டைத் திறந்து மேஜை நாற்காலிகளை இறக்கினார்கள். ஒப்பீட்டுப் பிரிவுக்குத் தென்சென்னைப் புறநகர் கிளை அலுவலகம் தேவைப்பட்டதாம், காலியான நல்ல கட்டடம் ஒன்று கிடைத்திருக்கிறதாம். கழிவறைக்குத் தண்ணீர் வந்தது. தார்ப்பாயை அவிழ்த்துவிட்டார்கள். வாதா மரத்து நிழலில் சாரின் ஜீப் நின்றது.

பாய் மாதக் கடைசி வரை பொறுத்துக்கொள்வதாகச் சொன்னார். டேங்க்குக்கு மாற்றப்பட்டிருந்த ஜெயக்கொடி அக்கா சாயங்காலம் ஓவியாவைத் தன் வீட்டுக்குக் கூட்டிவந்துவிடுவார், ஆனால் காலையில் அவள் எழுவதற்கு முன்பே கிளம்பிவிடுவார். ஓவியாவை அந்தப் பக்கம் விட்டுவிட்டு நான் கடைக்கு வந்து சேரும்போது வாசலில் வரிசை நின்றிருக்கும். பாய் என் கவுண்டரில் தானே உட்கார்ந்து பில் போட்டுக்கொண்டிருப்பார். அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அப்படி ஒரு நாள் கவுண்டருக்கு ஜஹீரா வந்தாள். சாமான்களை எடுத்து வைத்துக்கொண்டே, தன்னைக் கோவிலம்பாக்கத்துக்கு மாற்றிவிட்டார்கள் என்றாள். எனக்குப் புரியவில்லை. ஜெயித்தது அவளுடைய மையம்தானே?

“மையம்தான்க்கா ஜெயிச்சுது. நான் இல்ல. ஒண்ணா சேர்த்தா சீனியர் டீச்சர்தான் பொறுப்பு. ஜெயக்கொடி அக்கா சீனியர்” என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்து, “உங்களுக்குத் தெரியாதா?” என்றாள்.

எங்கள் கூட்டத்துக்கு முன்னாலேயே டீச்சர்களுக்கு மட்டும் தனியாக ஒரு கூட்டம் நடந்திருக்கிறது. எதை மூடினாலும் தனக்கு இடம் உண்டா என்று ஜெயக்கொடி அக்கா கேட்டிருக்கிறார். சீனியருக்கு எப்போதும் உண்டு என்று சார் சொல்லியிருக்கிறார். பெற்றோரிடம் மட்டும் இதைச் சொல்லாதீர்கள், குழந்தைகளை மாற்றத் தயங்குவார்கள் என்றும் சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு, சார் சொல்லிக் கொடுத்தபடிதான் அக்கா எழுந்து எங்கள் முன்னால், சமமாக வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டது. கேள்வியும் பேசி வைத்தது, பதிலும் பேசி வைத்தது. எங்களுக்கு வந்த அந்த மூச்சுக்கூட.

“நான் சொல்லியிருக்கணும்க்கா. பயம்” என்றாள் ஜஹீரா. பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அவள் வாங்கியதில் பாதியை நான் பில்லில் ஏற்றவே இல்லை என்பதைப் பாய்தான் பிறகு கண்டுபிடித்தார்.

அன்று சாயங்காலம் ஜெயக்கொடி அக்கா வீட்டுக்குப் போனேன். ஓவியா அவர் வீட்டுத் தரையில் பால் குடித்துக்கொண்டிருந்தாள். பால் நுரை மீசையோடு என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் ஆயிரம் கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தது அந்த மீசையில் கரைந்துவிட்டது.

“அந்தக் கேள்வி நீங்களா கேட்டதில்லையாமேக்கா” என்று மட்டும் கேட்டேன்.

அக்கா டீ வைக்கப் போனவர் திரும்பினார். மறுக்கவில்லை. “எனக்கு ரிட்டையர் ஆவ நாலு வருசம் கீது தீபா. கேக்கலேன்னா என்னிய எங்கியோ தூக்கிப் போட்டுருப்பாங்க. கேட்டேன். தப்பா?”

“என்கிட்ட சொல்லியிருக்கலாமே.”

“சொன்னா நீ அனுப்பியிருப்பியா?” ஓவியாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். “சமமா வந்துருந்தா ரெண்டும் நின்னுருக்கும். அது பொய்யில்ல. நம்ம எல்லாம் சரியாத்தான் பண்ணோம். இவ வாயத் தொறக்காம இருந்துருந்தா ஒண்ணும் ஆயிருக்காது.”

இவ என்றபோது அவர் கை ஓவியாவின் தலையைத்தான் தடவிக்கொண்டிருந்தது. அன்பாகத்தான் தடவியது. என்னால் இன்றுவரை அந்தக் கையை மன்னிக்க முடியவில்லை. மகள் பேச வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தவள் நான். பேசிய நாளில் என் மனசு நிறைந்த நிறைவு இருக்கிறதே, அதை இவர்கள் எல்லோருமாகச் சேர்ந்து குற்றமாக்கிவிட்டார்கள். பால்வாடி போனதுகூடப் பெரிதில்லை. ராத்திரி அவள் பக்கத்தில் படுத்திருக்கும்போது, அவள் பேசாமலே இருந்திருக்கலாமோ என்று ஒரு கணம் எனக்கே தோன்றியது. அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

மாதக் கடைசியில் முன்மாதிரி மையத்தின் தொடக்க விழா. ஓவியாவையும் என்னையும் அவசியம் வரச் சொல்லியிருந்தார்கள். டேங்க் பால்வாடி வாசலில் ஷாமியானா, மேடை, மைக். கழிவறைப் பூட்டு இன்னும் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. சாவி கிளை அலுவலகத்தில் இருக்கிறதாம். ஜெயக்கொடி அக்கா புதுப் புடவையில் வரவேற்றுக்கொண்டிருந்தார்.

சுந்தரராமன் சார் பேசினார். ஒப்பீடு என்பது ஒரு வேள்வி என்றார். இந்த ஊரில் இப்போது ஒரே ஒரு மையம்தான் இருக்கிறது, ஆகவே இதுவே மிகச் சிறந்த மையம் என்பதில் இனி யாருக்கும் சந்தேகம் வர முடியாது, பெற்றோருக்கு இருந்த குழப்பத்தை எங்கள் பிரிவு அடியோடு தீர்த்துவிட்டது என்றார். பலத்த கைதட்டல். அடுத்து, இந்த வெற்றிக்குக் காரணமான குழந்தை ஓவியா இப்போது இரண்டு வார்த்தை பேசுவாள் என்று அறிவித்தார்.

ஓவியாவை மேஜை மேல் ஏற்றி நிறுத்தினார்கள். மைக்கை வாய்க்கு நேரே பிடித்தார்கள். அவள் உதட்டை மடித்துக்கொண்டாள். “சொல்லு செல்லம். அன்னிக்குச் சொன்னியே, அதே மாதிரி. அத அப்படியே சொல்லு” என்று சார் கெஞ்சினார். ஜெயக்கொடி அக்கா கீழே இருந்து சைகை காட்டினார். ஓவியா என்னைப் பார்த்தாள். அந்தக் கண்ணில் கேள்விகூட இல்லை, என்னை இறக்கு என்பது மட்டும்தான்.

நான் மேடை ஏறி அவளைத் தூக்கிக்கொண்டேன். “அப்ப அம்மா ரெண்டு வார்த்தை பேசட்டும்” என்று சார் மைக்கை என் பக்கம் திருப்பினார். நானும் வெளியில் பேசுகிறவள் இல்லை. பில் தொகையைத் தவிர முன்பின் தெரியாதவர்களிடம் ஒன்றும் சொன்னதில்லை. எதிரே இத்தனை முகங்கள். என் மனசில் வேறு வார்த்தையே இல்லை, என் மகளின் வார்த்தைகளைத் தவிர.

“இது எங்க பால்வாடி இல்ல” என்றேன். மைக்கில் என் குரல் யாருடையதோ போல இருந்தது. “எங்க பால்வாடியில மரம் இருக்கு. அதுக்குச் சட்டை போட்டீங்க. இப்ப அதுங்கீழ உங்க ஜீப் நிக்குது. எங்களுக்கு அங்க போகணும்.”

ரயில் ஒன்று போவது கேட்டது.

பிறகு கைதட்டல் எழுந்தது. முதலில் தட்டியது ஜெயக்கொடி அக்கா. கண்ணைத் தரையில் வைத்துக்கொண்டு, வேகவேகமாக, நிறுத்தினால் யாராவது ஏதாவது கேட்டுவிடுவார்கள் என்பதைப்போலத் தட்டினார். அவரைப் பார்த்து மற்றவர்கள். சார் கண்களைத் துடைத்துக்கொண்டு மைக்கை வாங்கினார்.

“பார்த்தீங்களா? குழந்தையோட மொழி வளர்ச்சி தாய் வரைக்கும் போய்ச் சேர்ந்திருக்கு. எப்சி, இதையும் சேர்த்துக்குங்க. இந்த மையத்துக்குத்தான்.”

மேடம் தட்டிக்கொண்டிருந்தார். கையில் நிகில் கடித்த தழும்பு இன்னும் இருந்தது.

படி இறங்கும்போது ஓவியா என் காதுக்குள் வாயை வைத்தாள்.

“அம்மா, நாம சொன்னது அவங்களுக்குக் கேக்கலியா?”

“கேட்டுச்சு கண்ணு” என்றேன். “அதான் கைதட்டறாங்க.”